மொட்டை மாடியில் ஒரு பங்கு

காட்டுப்பாக்கத்தில் எங்கள் மரகதம் அடுக்ககம் நிற்கிற இடம் அஞ்சலையம்மாளுடையது. ஒரு காலத்தில் முழுசாக அவருடையது. இப்போது மூன்று வீடுகளும், எங்கள் எல்லோரோடும் சேர்ந்து மண்ணில் ஒரு பாகமும். பில்டர் நிலத்தை எடுத்துக் கட்டியபோது நிலத்துக்காரர் பங்காக அந்த மூன்று ஃபிளாட்டுகளும் அவர் பெயருக்கு வந்தன. இரண்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தரைத்தளத்தில் இருந்த மூன்றாவதில் கணவர் கன்னியப்பனோடு குடியேறினார்.

ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. இடுப்பில் செருகிய முந்தானை, வெற்றிலை போட்ட வாய். காலையில் கேட் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் விசாரிப்பார். சாமான் லாரியோடு குடிவந்த ஸ்ரீநாத் அவரை வாட்ச்மேன் வீட்டுக்காரி என்றே நினைத்தார்.

"அம்மா, கேட்டை நல்லாத் தொறங்க. லாரி உள்ள வரணும்."

அஞ்சலையம்மாள் எழுந்து திறந்தார். லாரி பின்னால் வருவதற்கு "வா, வா, ஒட்ச்சி வா" என்று கை வேறு காட்டினார். சாமான் இறங்கி முடிந்ததும் ஸ்ரீநாத் ஒரு நோட்டை நீட்டினார். மறுக்காமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், மூன்று வீட்டு உரிமையாளராக அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஸ்ரீநாத்துக்கு வேர்த்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனார்.

"அதுக்கு இன்னா தம்பி. கேட் தொறந்தேன், கூலி குட்த்த. அவ்ளோதான்," என்றார். நோட்டைத் திருப்பித் தரவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் ஸ்ரீநாத் சங்கச் செயலாளர் ஆனார். மென்பொருள் கம்பெனியில் வேலை. கும்பகோணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் விதியாக எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். லிஃப்டில் சைக்கிள் ஏற்றக்கூடாது, படிக்கட்டில் செருப்பு விடக்கூடாது, பால்கனியில் பாய் உதறக்கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு விதி வந்து விழும். நாங்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

தலைவர் ரவிச்சந்திரன், மேல் தளத்துக்காரர். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடி தனக்கு மட்டும் என்று பில்டர் சொல்லித்தான் அந்த வீட்டை விற்றார் என்பது அவர் வாதம். மாடியில் ஓர் ஊஞ்சல் மாட்டினார், ரோஜாத் தொட்டிகள் வைத்தார், கதவுக்கு ஒரு பூட்டும் போட்டார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு மாடி ஞாபகமே இல்லை.

அஞ்சலையம்மாளுக்கு இருந்தது. கோடை வந்ததும் குழம்புத் தூளுக்கு மிளகாய் காயவைக்க வேண்டும். கூடையோடு மூன்று மாடி ஏறிப் போனார். பூட்டு. ரவிச்சந்திரன் வீட்டு மணியை அடித்தார்.

"மாடி தனியார் உபயோகத்துக்கு, அம்மா," என்றார் ரவிச்சந்திரன்.

"தனியார்னா யாரு சார்?"

"நான்தான்."

மறுநாள் ஸ்ரீநாத்திடமிருந்து விதி வந்தது. மொட்டை மாடியில் மிளகாய், வடாம், துணி எதுவும் காயவைக்கக் கூடாது.

அஞ்சலையம்மாள் சண்டை போடவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில், வெயில் சாயும் ஓரத்தில், ஸ்ரீநாத்தின் காருக்கு நேர் முன்னால் பழைய வேட்டியை விரித்து மிளகாயைக் கொட்டினார். அலுவலகம் கிளம்பிய ஸ்ரீநாத் கார் கதவைத் திறப்பதற்குள் தும்மித் தும்மிக் கண் சிவந்துபோனார்.

"அம்மா, என்ன இது?"

"நீ போட்ட ரூல்தான் தம்பி. மாடில காய வெக்கக் கூடாதுன்ன. இது மாடியா?"

அன்று மாலையே விதி திருத்தப்பட்டது. கார் நிறுத்துமிடத்திலும் கூடாது. மறுநாள் மிளகாய் லிஃப்ட் முகப்புக்கு வந்தது. அது எந்த விதியிலும் இல்லை. அதற்கடுத்த திருத்தத்தில் ஸ்ரீநாத் எல்லாப் பொது இடங்களையும் ஒரே வரியில் அடக்கினார். அஞ்சலையம்மாள் மிளகாயைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய், கூடத்தில் பரப்பி, வாசற்கதவைத் திறந்து வைத்து, பின்னால் ஃபேனைப் போட்டார். நெடி லிஃப்ட் பாதை வழியாக மூன்று மாடிக்கும் ஏறியது. ரவிச்சந்திரனின் மனைவி ஷோபனா பூஜையைப் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே ஓடி வந்தார்.

"என் ஊட்ல என் மொளகா," என்றார் அஞ்சலையம்மாள். "இதுக்கும் ரூல் போடுவானா அந்தத் தம்பி?"

கட்டிலில் படுத்திருந்த கன்னியப்பன் முண்டாசுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, "இன்னாமே, நம்ம ஊட்லயும் ஆளுங்க கீறோம்மே," என்றார். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு களைத்திருப்பார்கள். அஞ்சலையம்மாள் முதல் தளத்து ராதிகாவிடம் போனார். ராதிகா பூந்தமல்லி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். மாலையில் கவுனைக் கழற்றிக்கூட வைக்காமல் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே விளக்கினார்.

"மாடி பொது இடம்மா. மாடி, படிக்கட்டு, கீழ இருக்கிற நிலம், எல்லாத்துலயும் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிக்காத பங்கு இருக்கு. நம்ம எல்லார் பத்திரத்துலயும் அதே வரிதான். பில்டர் வாயால சொன்னாருங்கிறதுக்காக அது ஒருத்தருக்குச் சொந்தமாகாது. கமிட்டி நேரம் காலம் வைக்கலாம், ஒழுங்குபடுத்தலாம். ஆனா வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டு உங்க உரிமையை எடுத்துட முடியாது. சங்கத்தோட பைலாவை மாத்தணும்னா பொதுக்குழுதான் மாத்தணும்."

"அப்ப மாடி என்னுதுதான்."

"உங்களுதும்தான். அந்த 'உம்' முக்கியம்மா. மத்தவங்களுக்கு இடைஞ்சல் பண்ணாம பயன்படுத்தணும். கட்டிடத்துக்குச் சேதம் வரக்கூடாது. பராமரிப்புலயும் உங்க பங்கைக் கொடுக்கணும். உரிமை தனியா வராது, பொறுப்பையும் கூட்டிக்கிட்டுதான் வரும்."

அஞ்சலையம்மாள் தலையை ஆட்டினார். பின்னால் ராதிகா என்னிடம் சொன்னது, "முதல் பாதியை மட்டும்தான் கேட்டாங்க. ரெண்டாவது பாதி சொல்றப்போ எழுந்து டம்ளரைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க."

பொதுக்குழு கார் நிறுத்துமிடத்தில் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா, தேநீர். ரவிச்சந்திரன் பில்டரின் வாக்குறுதியைப் பற்றிப் பேசினார். ராதிகா சட்டத்தைச் சொன்னார். அஞ்சலையம்மாள் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாடி சாரோடதுன்னா, அதுக்கு மேல கீற தண்ணி டேங்க் யாருது? நாமல்லாம் தெனிக்கும் சார் ஊட்டுத் தண்ணியிலயா குளிச்சுக்கினு கீறோம்?"

கூட்டம் சிரித்தது. ரவிச்சந்திரன் சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது கிட்டத்தட்ட எல்லாக் கையும் மேலே போனது. அவர் சாவியை எடுத்து ஸ்ரீநாத்தின் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, சமோசாவைத் தொடாமல் எழுந்து போனார். தலைவர் பதவியையும் அன்றே விட்டுவிட்டார்.

அதன்பிறகு மாடி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மிளகாய் வந்தது, வடாம் வந்தது, இருபது வீட்டுத் துணியும் வந்தது. யாரோ உடைந்த ஃபிரிட்ஜைக் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டாம் தளத்து அஸ்வின் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி நிலாவைப் பார்த்தான். ரவிச்சந்திரனின் ஊஞ்சலில் யார் யாரோ ஆடினார்கள். நான்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினேன்.

எல்லோரையும் மிஞ்சியது அஞ்சலையம்மாள்தான். குமணன்சாவடியில் இருக்கும் தம்பி வீட்டுக் கொல்லையிலிருந்து மண்ணை மூட்டை மூட்டையாக ஆட்டோவில் வரவழைத்தார். கன்னியப்பன் அதை லிஃப்டில் ஏற்றினார். லிஃப்டில் சைக்கிள் ஏற்றக்கூடாது என்று விதி இருந்தது, மண் என்று இல்லை. மாடியின் ஒரு மூலையில் செங்கல்லை வரப்பாக வைத்து, தொட்டி எதுவும் இல்லாமல் தளத்தின் மேலேயே மண்ணைக் கொட்டி, பீர்க்கன் விதையும் புடலை விதையும் ஊன்றினார். பந்தல் எழுந்தது. மஞ்சள் பூ பூத்தது.

ஸ்ரீநாத் பார்த்துப் பதறினார். "அம்மா, தளத்து மேல நேரா மண்ணைக் கொட்டினா ஈரம் இறங்கும். இதுக்கு அனுமதி வாங்கணும்."

"யாராண்ட வாங்கணும்? என் நெலம்தானே இது. கீய இருந்துச்சு, இப்ப மேல போயிட்ச்சு. அவ்ளோதான்."

அவர் பறித்துக் கொடுத்த பீர்க்கங்காய் எல்லார் வீட்டுக்கும் வந்ததால் நாங்கள் யாரும் ஸ்ரீநாத்தின் பக்கம் நிற்கவில்லை. ஸ்ரீநாத் வீட்டிலும் அன்று பீர்க்கங்காய்க் கூட்டுதான்.

ஐப்பசி மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. ரவிச்சந்திரனின் படுக்கையறைக் கூரையில் முதலில் ஒரு தேங்காய்மூடி அளவுக்கு ஈரம் தெரிந்தது. பிறகு சொட்டியது. பிறகு ஒழுகியது. அவர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, கீழே எழுதினார்: "மொட்டை மாடி அனைவருக்கும் பொதுவானது. எனவே பழுதுபார்ப்பதும் அனைவரின் பொறுப்பு."

மாடி தனக்கு மட்டும் என்று வருஷக்கணக்காகச் சொன்ன மனிதர் அவர். இப்போது கட்சி மாறினார். நாங்களும் மாறினோம். மாடி எங்களுடையது என்று கை தூக்கியவர்கள், கூரை ஒழுகுவது மேல் தளத்துக்காரரின் சொந்த விஷயம் என்று எழுத ஆரம்பித்தோம். தரைத்தளத்தில் ஒருவர், தன் வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று ஆதாரத்துக்குப் படமே போட்டார்.

அஞ்சலையம்மாளுக்குக் கொண்டாட்டம். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். "பூட்டு போட்டாரு இல்ல, இப்ப மழைக்கும் ஒரு பூட்டு போடச் சொல்லு."

அப்போது ராதிகா குடையோடு வந்து நின்றார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அஞ்சலையம்மா, கொஞ்சம் மேல வாங்க."

"எதுக்கு கண்ணு?"

"வாங்களேன்."

மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் ராதிகா குடைக்கம்பியால் கிளறிக் காட்டினார். பாத்தியிலிருந்து கரைந்த மண் அங்கே களியாக அடைத்திருந்தது. அதற்குள் பீர்க்கங்கொடியின் வேர் நூல் நூலாக இறங்கியிருந்தது.

இறங்கும் வழியில் ரவிச்சந்திரன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலைச் சமையலறைக்குத் தள்ளியிருந்தார்கள். படுக்கையறையில் அண்டா, வாளி, குக்கர் எல்லாம் வரிசையாகச் சொட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தன. ஷோபனா ஒரு வாளியைத் தூக்கிக் குளியலறையில் ஊற்றிவிட்டு, வேறொன்றை எடுத்து வைத்தார். ரவிச்சந்திரன் ஈரப் புத்தகங்களைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். அஞ்சலையம்மாளைப் பார்த்து நிமிர்ந்தவர் கோபப்படக்கூட இல்லை.

"உட்காரக்கூட இடமில்லைம்மா," என்றார்.

அஞ்சலையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நிரம்பிய அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். மறுகாதை ஷோபனா பிடித்தார். இருவருமாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். பிறகு அவர் மேலே ஏறிப்போய், மழையில் நனைந்தபடியே குழாய் வாயைக் கையால் தோண்டித் திறந்துவிட்டார். தண்ணீர் இறங்கியது. ஒழுகல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மறுநாள் வந்து பார்த்த மேஸ்திரி முகமது ஆசிக், தளத்தில் ஆரம்பத்திலேயே நீர்க்காப்பு ஒழுங்காகப் போடவில்லை, முழு மாடியையும் பெயர்த்துப் போட வேண்டும் என்றார். ராதிகா அதை அஞ்சலையம்மாளிடம் மட்டும் கணக்குப் பிரித்துச் சொன்னார். குழாய் அடைத்தது அஞ்சலையம்மாளின் பொறுப்பு. மற்றதெல்லாம் எல்லோருடைய பொறுப்பு.

"எல்லாரும் ஒத்துப்பாங்களா?" என்று கேட்டார் அஞ்சலையம்மாள்.

"சட்டப்படி ஒத்துக்கணும். ஆனா கேஸ் போட்டு வாங்கணும்னா இன்னும் மூணு மழை தாண்டிடும்."

"கேஸ் வேணாம். மீட்டிங் போடச் சொல்லு."

இரண்டாவது பொதுக்குழுவுக்குச் சமோசா இல்லாமலே கூட்டம் நிறைந்திருந்தது. பங்கு கொடுக்க முடியாது என்று சொல்வதற்காகவே எல்லோரும் வந்திருந்தோம். ரவிச்சந்திரன் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீநாத் விதிகளைப் படித்தார். யாரும் கேட்கவில்லை. கீழ்த்தளத்துக்காரர்கள் ஒரு பக்கம், மேல்தளத்துக்காரர்கள் ஒரு பக்கம் என்று குரல் ஏறியது. அப்போது அஞ்சலையம்மாள் எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க. நான் கேக்கறேன். இந்த மாடியால நமக்குத் தொல்லைதான். அத்தனால, மாடி எனக்கு வேணாம், அதுல எனக்குப் பங்கும் வேணாம், செலவும் வேணாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க."

நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. ராதிகா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அஞ்சலையம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். ராதிகா வாயை மூடிக்கொண்டார்.

"தம்பி, பேரெல்லாம் எய்திக்கோ," என்றார் ஸ்ரீநாத்திடம். "அப்ப மாடி, எனக்கும் ரவிச்சந்திரன் சாருக்கும்தான். செலவ நாங்க பாத்துக்கறோம். சார், நான் சொன்னேன் இல்ல, அந்த செல்போன் டவர்காரன். நாளைக்கே வரச் சொல்லிடலாமா?"

ரவிச்சந்திரன் தலையைத் தூக்கினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவர். புரியாததற்கும் தலையாட்டத் தெரியும். ஆட்டினார்.

"என்ன டவர்?" என்று தரைத்தளத்துக்காரர் கேட்டார்.

"மாடில வெச்சா மாசாமாசம் வாடகை தருவானாம். எங்க ரெண்டு பேருக்கும் அது போதும். வேலைய முடிச்சுட்டு மீதிய ஆளுக்குப் பாதி எட்த்துக்குவோம். நீங்கல்லாம் கவலய வுடுங்க. அதான் வேணாம்னுட்டீங்களே."

தரைத்தளத்துக்காரரின் கை மெதுவாக இறங்கியது. தலையைச் சொறிவதற்காகத் தூக்கியதைப்போல வழியில் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கியது. அடுத்தடுத்து எல்லாம் இறங்கின. பங்கை அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது, இது வாங்கிய உரிமை, பத்திரத்தில் இருக்கிறது என்று ஒருவர் உரக்கப் பேசினார். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

"அப்ப மாடி எல்லாருதும்தானா?" என்று கேட்டார் அஞ்சலையம்மாள்.

"எல்லாருதும்தான்."

"மாடி ஒயுவுறதும்?"

முதலில் ஸ்ரீநாத்துக்குத்தான் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, மாடி எல்லோருக்கும் பொது, பழுதுபார்க்கும் செலவும் பொது என்று தீர்மானமாக எழுதிப் படித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மை காய்வதற்குள் ராதிகா எழுந்து, பிரிக்காத பங்கை யாரும் கை தூக்கி விட்டுவிட முடியாது, அப்படிச் செய்தாலும் செல்லாது, டவர் வைக்கவும் எல்லோர் சம்மதமும் வேண்டும் என்று விளக்கினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்," என்றேன்.

"என்கிட்ட யாரும் கேக்கலையே," என்றார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது அஞ்சலையம்மாள் மறுபடியும் எழுந்தார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னொண்ணு சொல்லணும். கொயா அடச்சது என் பீர்க்கங்கொடிதான். மண்ணு கரஞ்சி உள்ள போயிட்ச்சு. ஸ்ரீநாத் தம்பி அப்பவே சொல்லுச்சு, நான் கேக்கல. கொயா வேல என் செலவு. பாத்தியையும் எட்த்துடறேன்."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம். அது அவருக்கும் தெரியும். இரண்டு பேர் கோபமாக ஏதோ முணுமுணுத்தார்கள். ரவிச்சந்திரன் எழுந்து வந்தார். நாங்கள் சண்டையை எதிர்பார்த்தோம்.

"டவர்காரன் யாரும்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எவனுமில்ல சார்," என்றார் அஞ்சலையம்மாள்.

மறுநாளிலிருந்து கன்னியப்பன் மண்ணை மூட்டை கட்டிக் கீழே இறக்கினார். "ஏத்தறப்பவும் நானு, எறக்கறப்பவும் நானு. இதுல என் பங்கு இன்னான்னு அந்த வக்கீல் பொண்ணக் கேளுமே," என்று ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை சொன்னார். ஸ்ரீநாத் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். கொடியிலிருந்த கடைசிக் காய்கள் ரவிச்சந்திரன் வீட்டுக்குப் போயின.

மழை விட்டதும் ஆசிக்கின் ஆட்கள் தளத்தைப் பெயர்த்து, பூச்சுப் போட்டு, புதிதாகத் தட்டோடு பதித்தார்கள். வேலை முடிந்ததும் சோதனைக்காக மாடியைச் சுற்றிக் கரை கட்டித் தண்ணீர் நிரப்பினார்கள். ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார் ஆசிக். எல்லோருடைய பணமும் போயிருந்ததால் எல்லோருக்கும் பார்க்க ஆசை. மறுநாள் சாயங்காலம் ரவிச்சந்திரனின் படுக்கையறையில் பாதிச் சங்கம் நின்றது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கட்டிலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, கழுத்து வலிக்க எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ராதிகா டார்ச் அடித்தார். ஸ்ரீநாத் நாற்காலியில் ஏறி விரலால் தடவிப் பார்த்து, உலர்ந்திருக்கிறது என்று அறிவித்தார். ஷோபனா அத்தனை பேருக்கும் காபி கொண்டுவந்து, தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ரவிச்சந்திரன் கட்டிலின் ஓரத்தில் இடம் பண்ணிக்கொடுத்து, "உட்காருங்கம்மா," என்றார்.

அஞ்சலையம்மாள் உட்கார்ந்து, காபியை ஆற்றியபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். "ரூம் நல்லா காத்தோட்டமாத்தான் கீது சார்," என்றார். "இது உங்களுது மட்டும்தானா, இல்ல இதுலயும் எங்களுக்குப் பங்கு கீதா?"